சி.எஸ். சீட் கிடைத்துவிட்டது, சரி. டிகிரி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் தண்டையார்பேட்டை தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பிக்கு கட்-ஆஃப் இவ்வளவு வருது, சி.எஸ். கிடைக்குமா?" சி.எஸ். என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைக்கும், ஏதாவது ஒரு கல்லூரியில் கிடைத்துவிடும். சேர்வதற்கு இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அந்தப் படிப்பை முடித்து டிகிரியைக் கையில் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. கடைசி வருஷத்தில் பையன் கைநிறைய அரியரோடு, அதாவது இன்னும் பாஸாகாத பேப்பர்களோடு, நிற்கும்போது அம்மாவோடு வந்து கேட்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிப் போட்டுவிடுகிறேன், அடுத்த மே மாதம் லிங்கை அனுப்பினால் எனக்கும் வேலை மிச்சம்.

சேர்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பி.இ. என்றால் பிளஸ் டூவில் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் இருக்க வேண்டும். மேத்ஸை நூறுக்கும் மற்ற இரண்டை ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்து 200க்கு கட்-ஆஃப் போடுவார்கள். நுழைவுத் தேர்வு 2007லேயே போய்விட்டது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்திருக்க வேண்டும் என்பது வெறும் வதந்தி, மேத்ஸோடு பயாலஜி எடுத்த பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம், முதல் வருஷத்தில் புரோகிராமிங்கை எல்லோருக்கும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது (2021இல் வந்தது), அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடுங்கள், கவுன்சலிங் நேரத்தில் ஓடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

டிகிரி என்பது கிரெடிட் கணக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு மணி நேரம் சேர்ந்தால்தான் ஒன்று. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் மாதிரிப் பாடத்திட்டம் நான்கு வருஷத்துக்கு 160 கிரெடிட் என்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனும் (படிப்புக்கும் தேர்வுக்குமான விதிகள்) கிட்டத்தட்ட அதே அளவுதான். பி.இ. பற்றி நான் இங்கே சொல்லும் பாடங்களும் கணக்கும் அந்த 2021 ரெகுலேஷன்படி, 2025இல் புதிய ரெகுலேஷன் வந்துவிட்டதால் உங்களுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கிரெடிட் குறைந்தாலும் டிகிரி வராது. டேட்டா ஸ்ட்ரக்சரில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு ஒரே ஒரு சுற்றுச்சூழல் பேப்பரை விட்டிருந்தாலும் அதே கதிதான். இது தெரியாமல் "அது சும்மா பேப்பர்ணா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒதுக்கி வைக்கிறவர்கள் ஏராளம்.

அந்த 160ஐப் பிரித்துப் பார்த்தால் முதல் வருஷத்தில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் இருக்கும். இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பேசிக் எலெக்ட்ரிக்கல், இன்ஜினியரிங் கிராபிக்ஸ், அப்புறம் மேத்ஸ். தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று ஆளுக்கொரு கிரெடிட்டில் இரண்டு பாடங்களும் உண்டு. தண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்து கிளம்பும் காலை பஸ்ஸில், கிராபிக்ஸ் படம் வரைகிற டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சி.எஸ். தான். கம்ப்யூட்டர் படிக்க வந்தவனுக்கு எதற்கு ஐசோமெட்ரிக் வியூ என்று கேட்டால் என்னிடமும் நல்ல பதில் கிடையாது. அது தேவையில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் நான்கு கிரெடிட்.

மேத்ஸ் அப்படியில்லை. முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும், இரண்டாவதில் புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும், மூன்றாவதில் டிஸ்கிரீட் மேத்ஸ். இந்த மூன்றும் பின்னால் வரும் பாடங்களுக்கு அஸ்திவாரம். டிஸ்கிரீட் புரியாமல் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் புரியாது, அது புரியாமல் கம்பைலர் டிசைனில் பாதிக்கு மேல் மனப்பாடம்தான். மேட்ரிக்ஸும் புள்ளியியலும் தெரியாமல் மெஷின் லேர்னிங் படிக்கிறேன் என்பவனுக்கு லைப்ரரியை இம்போர்ட் செய்யத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கத்தில் கோடிங் வராமல் டிகிரியை விட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, எம்-ஒன் என்கிற முதல் செமஸ்டர் மேத்ஸில் மாட்டி நின்றவர்களை வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருஷம் சேர்கிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல், சேர்ந்த உடனே டிஸ்கிரீட் வந்து நிற்கும். லேபில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிடுகிற அவர்கள் அந்த ஒரு பேப்பரில்தான் தடுமாறுகிறார்கள். சேருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

பாஸ் மார்க் கணக்கு நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2021 ரெகுலேஷனில் சாதாரண தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை நூறுக்கு எழுதுவீர்கள், அதில் குறைந்தது 45 எடுக்க வேண்டும், அதோடு இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அதாவது இன்டர்னலில் 40க்கு 40 இருந்தாலும் தேர்வில் 44 எடுத்தால் ஃபெயில். இன்டர்னல் 20 மட்டும் இருந்தால் தேர்வில் 45 போதாது, 50 வேண்டும். இன்டர்னல் 10 என்றால் 67. கடைசி நேரத்தில் ஒரே சிட்டிங்கில் படித்துப் பாஸாகிவிடலாம் என்கிற கணக்கெல்லாம் இன்டர்னல் 20 வெயிட்டேஜ் இருந்த பழைய காலத்துச் சீனியர்கள் சொன்னது, அவர்கள் பேச்சைக் கேட்டு அசைன்மென்டை விடாதீர்கள்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். உடம்பு சரியில்லை என்று மெடிக்கல் சர்ட்டிபிகேட் கொடுத்து 65 வரை சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். வட சென்னையில் இது சாதாரண விஷயமில்லை. விடிவதற்கு முன் காசிமேட்டில் அப்பாவோடு மீன் ஏலத்துக்கு நின்றுவிட்டு எட்டரை மணி வகுப்புக்கு ஓடுகிற பையன் இருக்கிறான், ராத்திரி டெலிவரி ஓட்டுகிறவன் இருக்கிறான், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு முதல் ஹவரை இழக்கிறவர்கள் பாதி வகுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பல்கலைக்கழகம் தேர்வையே தள்ளி வைத்தது, கேட் மூடியதற்கு யார் தள்ளி வைப்பார்கள்? வாராவாரம் உங்கள் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டெண்டன்ஸ் அந்த செமஸ்டரின் எல்லாப் பாட வகுப்புகளையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கிடப்படுகிறது, காலை முதல் ஹவரைத் தினமும் விட்டால் அந்த மொத்தத்தில் அடி விழும்.

அரியர் வந்தால் உலகம் முடிந்துவிடாது. எட்டு செமஸ்டர் படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள் முடிக்கலாம், லேட்டரல் என்றால் 12. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் முடிக்காத அரியர்) இருந்தால் உள்ளேயே விடாது. முதல் வருஷ அரியரை இரண்டாம் வருஷத்திலேயே எழுதித் தொலையுங்கள். 8.5 சி.ஜி.பி.ஏ.யும் (பத்துக்குப் போடும் மொத்த சராசரி) முதல் முயற்சியிலேயே எல்லாவற்றிலும் பாஸும் இருந்தால் டிஸ்டிங்ஷன். கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஹானர்ஸோ (சொந்தப் பாடத்தில் கூடுதல் தகுதி) மைனரோ (வேறு துறையில் கூடுதல் தகுதி) கிடைக்கும் என்று வகுப்பில் சொல்வார்கள், அரியர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பி.எஸ்சி. பற்றிச் சொல்லாவிட்டால் வியாசர்பாடி அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். மெட்ராஸ் யூனிவர்சிட்டி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், 140 கிரெடிட், இன்டர்னல் 25 தேர்வு 75, பாஸ் மார்க் 40. தமிழ் முதல் பார்ட், இங்கிலீஷ் இரண்டாவது, மெயினும் அலைடும் (மெயினுக்குத் துணையான பாடம்) மூன்றாவது. வேல்யூ எஜுகேஷன் மாதிரியானவை நான்காவது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை ஐந்தாவது. இந்தக் கடைசி இரண்டையும் யாரும் மதிப்பதில்லை, டிகிரிக்கு அவையும் வேண்டும். அலைடு மேத்ஸ் இங்கேயும் ஆளைக் கவிழ்க்கும். கட்டணம் குறைவு, வீட்டுக்குப் பக்கம், மூன்று வருஷத்தில் முடிந்துவிடும், மேலே இரண்டு வருஷம் எம்.சி.ஏ. படிக்கலாம். விப்ரோ மாதிரி கம்பெனி பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கிறது. நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. சேர்வதைவிட அரசுக் கல்லூரி பி.எஸ்சி. நூறு மடங்கு மேல் என்பது என் கட்சி, சொந்தக்காரர்கள் "வெறும் பி.எஸ்சி.யா" என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரிக்கு ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே சில வாரம் பாடம் நடத்தி ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேர்வுகளை மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். 114 கிரெடிட்டில் பி.எஸ்சி.யோடு வெளியே வரலாம், 142 முடித்தால் நான்கு வருஷ பி.எஸ்., நடுவில் நிறுத்தினாலும் டிப்ளமோ மிஞ்சும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். அங்கேயும் ஃபவுண்டேஷனில் முதலில் வருவது மேத்ஸும் புள்ளியியலும்தான், தப்பிக்க வழியில்லை.

கடைசியாக, எந்தக் கல்லூரி என்று என்னிடம் கேட்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரிவாரியாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை சதவீதம் பாஸ் என்று பட்டியல் வெளியிடுகிறது. கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் போடப்போகும் கல்லூரியில் நூறு பேர் எழுதி இருபது பேர்தான் பாஸ் என்று இருந்தால், ஏ.சி. கிளாஸ்ரூம் போட்டோவைக் காட்டுகிற ஏஜென்டிடம் அந்தப் பட்டியலைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.