விழுந்தது ஒரு தடவ, முடங்குனது நாலு மாசம்

போன ஐப்பசி மழைல வாசல் தெளிக்கப் போய் பாசில வழுக்கி விழுந்துட்டேன், வயசு 71. இடது மணிக்கட்டுல சின்ன கிராக், ஆறு வாரம் மாவுக்கட்டு, அவ்ளோதான். கை சரியாயிடுச்சு, நான்தான் சரியாகல. கோலம் போடறத விட்டேன், கோயிலுக்குப் போறத விட்டேன் (பிரகாரத்துல எண்ணெ சிந்திக் கெடக்கும்ல), மாடிப்படி பக்கமே போறதில்ல, குளிக்கப் போனா மருமக கதவுக்கு வெளிய நிக்கணும். அவளும் "நீங்க ஏன் அத்தே எந்திரிக்கிறீங்க, நான் எடுத்துத் தரேன்"னு பாசமாத்தான் சொன்னா. மாசி மாசம் பாத்தா சேர்ல இருந்து கை ஊனாம எந்திரிக்க முடியல, தொடை தொளதொளன்னு ஆயிடுச்சு.

மகன் ஒரு பிசியோகிட்ட கூட்டிட்டுப் போனான். அந்தப் பொண்ணு மொதல்ல 16 கேள்வி கேட்டுச்சு, குளிக்க பயமா, படி ஏற பயமா, ஈரத்தரைல நடக்க பயமா, போன் அடிச்சா ஓடிப்போய் எடுக்க பயமான்னு (செல்போன் இடுப்புலயே இருக்கு, எங்க ஓடறது). ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 4 வரை மார்க், கூடக்கூட பயம் ஜாஸ்தின்னு அர்த்தம், 64க்கு நான் 51. அப்புறம் சேர்ல இருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், 12 செகண்டுக்கு மேல போனா கவனிக்கணுமாம், எனக்கு 21 ஆச்சு.

சேர்ல உக்காந்து உக்காந்து எந்திரிக்கறது, சமையல் மேடையப் புடிச்சுக்கிட்டு ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொண்ண ஒட்டி வச்சு நிக்கறது, இதெல்லாம் குடுத்துச்சு. போர்தான், சாம்பார் கொதிக்கற நேரத்துல செஞ்சேன்.

ஆனா பயம் விட்டது தரைல. "அம்மா, விழறதுக்கு பயமா, விழுந்தா எந்திரிக்க முடியாதேன்னு பயமா?"ன்னு கேட்டுச்சு, எனக்கு பொசுக்குனு கண்ணு கலங்கிடுச்சு, அன்னைக்கு பால்காரர் வர்ற வரைக்கும் வாசல்லயே கெடந்தேன். பாய் விரிச்சு படுக்க வச்சுது. ஒருக்களிச்சு, கைய ஊனி, முட்டி போட்டு, சேர்கிட்ட தவழ்ந்து போய், சீட்டுல ரெண்டு கையும் வச்சு, தெம்பான கால முன்னாடி ஊனி எந்திரிக்கணும். மொத நாள் முட்டியோட நின்னுடுச்சு, ஆறாவது நாள் நானே எந்திரிச்சுட்டேன், ஆள் தொடவே இல்ல.

வைகாசி வெயிலுக்கு மாடில வடாம் புழிஞ்சேன், கைப்பிடிய விடாமத்தான் ஏறுனேன். மருமகதான் இன்னும் கீழ்ப்படில நின்னுக்கிட்டு "அத்தே மெதுவா, அத்தே மெதுவா"ன்னு கத்தறா, அவள உக்காத்தி வச்சு அந்த 16 கேள்விய கேக்கணும் ஒருநாள்.