காய்ந்த புல்லுக்குப் பச்சை அடிப்பதென்றால்

ஜனவரி பாதியைத் தாண்டினால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் பக்கமெல்லாம் மழை அடங்கிவிடும். ரப்பர் பால்மரம் இலை உதிர்க்கிற அதே மாதங்களில் வீட்டு முற்றத்துப் புல்லும் வைக்கோலாகிவிடும். கல்யாண வரவேற்பு, பங்குனி உத்திரம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் பார்த்து இந்தக் காய்ந்த மாதங்களில்தான் வந்து விழும். "புல்லுக்குப் பெயிண்ட் அடிக்கலாமாமே, நிஜமா?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அடிக்கலாம். ஆனால் எல்லாப் புல்லுக்கும் அடிக்க முடியாது, கையில் கிடைத்த பம்பை வைத்தும் அடிக்கக் கூடாது.

இது ஒன்றும் புது வித்தை கிடையாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் குளிர்காலத்தில் பெர்முடா புல் பழுத்து உறங்கிவிடும். கோல்ஃப் திடல்களில் அதன் மேல் பச்சை அடிப்பது வழக்கம். கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில், 2015 ஏப்ரலில் அந்த மாநில ஆளுநர் நகரத் தண்ணீர்ச் செலவை 25 விழுக்காடு குறைக்கச் சொன்னார். வீட்டுப் புல்லுக்குப் பச்சை அடித்துக் கொடுப்பது அப்போது அங்கே நல்ல தொழிலாக ஓடியது. டப்பாவில் "மூன்று மாதம் நிற்கும்" என்று போட்டிருந்தால் அது அந்த ஊர்க் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். குளிரில் உறங்கும் புல் மாதக்கணக்கில் வளராது, அதனால் நிறமும் அப்படியே இருக்கும். நம் புல் தண்ணீர் இல்லாமல் உறங்குகிறது. இரண்டு நல்ல மழை விழுந்தால் எழுந்துவிடும். புது இலை மேலே வர வர, நிறம் பிடித்த பழைய இலை புல்வெட்டும் மெஷினுக்குப் போய்விடும். இங்கே மூன்று, நான்கு வாரம் பார்வையாக இருந்தாலே போட்ட காசுக்குச் சரி.

சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. புல்லுக்கென்று விற்கும் பெயிண்டில் பச்சை நிறமி, கொஞ்சம் மஞ்சள் நிறமி, அக்ரிலிக் பசை, தண்ணீர் இவைதான் முக்கியம். நிறமி தண்ணீரில் கரையாது, நுண்ணிய பொடியாக மிதக்கும். பசை காய்ந்து இலையின் மேல் மெல்லிய படலமாகி அதைப் பிடித்துவைக்கும். அதனால்தான் காய்ந்த பிறகு மழை பெய்தாலும் ஓடாது. பசை இல்லாத வெறும் சாயமும் மலிவாகக் கிடைக்கிறது. தோட்டத்தில் மருந்தடித்த இடம் தெரிவதற்காகக் கலப்பார்களே, அந்த ரகம். ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

சுவருக்கு வாங்கிய எமல்ஷன் மிச்சம் இருக்கிறது, அதையே கலக்கி அடித்தால் என்ன? சுவர்ப் பெயிண்டில் மறைப்புத் திறனுக்காக வெள்ளை நிறமியும் சுண்ணப் பொடியும் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் விட்டு நீர்த்தால் அந்த வெளுப்பு மேலே தெரியும். புல்தரை முழுக்கப் புதினாச் சட்னி கொட்டிய நிறம் வரும். கெட்டியாக அடித்தாலோ இலை மூடிப்போய் உரிய ஆரம்பிக்கும். தின்னர் ஊற்றிக் கலக்கும் எனாமலைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அது புல்லைக் கொன்றுவிடும்.

வாங்குவதற்கு முன்னால் புல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் வேரோடு சுலபமாகக் கையில் வந்துவிட்டால் அது செத்தது, அல்லது வேரைப் புழு தின்றிருக்கிறது. மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் நம்பிக்கை உண்டு. இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைகள் எல்லாம் ஒன்றுசேரும் அடித்தண்டின் மேல்தோலை நகத்தால் உரித்தால் உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிய வேண்டும். பழுப்பாகி நார் நாராக உடைந்தால் கதை முடிந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் சதுரத்துக்கு இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துளிர் வந்தால் உறக்கம்தான். நம் பக்கம் வறட்சியைக் கொண்டுவரும் எல் நினோ கடுமையாக அடிக்கும் வருஷங்களில் வீட்டு முற்றத்துப் புல்லே அடியோடு கருகுவது உண்டு. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில்தான். செத்த புல்லிலும் பெயிண்ட் பிடிக்கும், ஆனால் மழை வந்த பிறகு கீழிருந்து எதுவும் எழும்பாது.

உயிர் இருந்தால் மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மாட்டுப்புல், அதாவது கடைக்காரர்கள் 'கவ் கிராஸ்' என்று கட்டங்கட்டமாக வெட்டி விற்கும் அகல இலைப் புல். காய்ந்தால் இதன் இலை சுருண்டு ஒடுங்கிப்போய் இடையிடையே மண் தெரியும். பிலிப்பைன் புல் மெல்லிய இலை, நெருக்கமாக நிற்கும், அதனால் பெயிண்ட் அதில் அழகாக உட்காரும். நம் செம்மண்ணின் மேல் பச்சை விழுந்தால் பச்சையாகத் தெரியாது. சிவப்போடு சேர்ந்து சேற்று நிறமாகக் கறுத்துவிடும். நின்று பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண் கண்ணில் பட்டால் அந்த இடத்துக்குப் பெயிண்ட் வேண்டாம். அதே காசுக்குப் புல் கட்டம் வாங்கிப் பதியுங்கள்.

அடுத்தது பம்பு. நம் ஊர்களில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். முதுகில் மாட்டும் 16 லிட்டர் பம்பு தோட்டத்துப் பக்கம் யார் வீட்டிலாவது இருக்கும், கேட்டால் தருவார்கள். அதில் போன வாரம் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனால் கிளைபோசேட், மெட்சல்ஃபுரோன், 2,4-டி எல்லாம் புழக்கத்தில்தான் இருக்கின்றன. டேங்கின் அடியிலும் ரப்பர் குழாயிலும் தங்கிய மிச்சம் பெயிண்டோடு சேர்ந்து போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மழை வந்து பக்கத்து வீட்டுப் புல் எழும்பும்போது உங்கள் புல் மட்டும் படுத்தே கிடக்கும், பழி பெயிண்ட் மேல் விழும். ஓரத்தில் கறிவேப்பிலையோ தக்காளியோ இருந்தால் அதன் இலை முறுக்கிக்கொள்ளும். இரவல் பம்புதான் கதி என்றால், மூன்று முறை நல்ல தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு முறையும் குழாய், நாசில் (நுனியில் துளி தெளிக்கும் மூக்கு) வழியாகவே அடித்து வெளியேற்றுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரை ஓர் இரவு நிறுத்தி வைத்து மறுபடி கழுவுங்கள். சொல்லப்போனால் வீட்டு முற்றத்துக்கு 5 லிட்டர் கைப்பம்பு புதிதாக ஒன்று வாங்குவதே நிம்மதி.

நாசிலும் முக்கியம். தோட்டத்தில் களைக்குப் பயன்படுத்தும் நாசில் பெருந்துளியாக விழும். பெயிண்ட் இலையில் நிற்காமல் உருண்டு மண்ணுக்குப் போய்விடும். தட்டை விசிறியாக அடிக்கும் நாசில் வேண்டும். அதைத் தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் அரை மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும்.

கலவை எவ்வளவு என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். ஒன்றுக்கு ஏழு தண்ணீர் என்பார்கள், ஒன்றுக்குப் பதினைந்து என்பதும் உண்டு; அதில் உள்ளபடியே செய்யுங்கள். கலந்த பிறகு ஒரு சதுர மீட்டருக்கு 75 முதல் 150 மில்லி என்பது நல்ல அளவு. 100 மில்லி என்று வைத்துக்கொண்டால், டெரஸ் வீட்டின் முன்புறம் 30 சதுர மீட்டர் புல்லுக்கு 3 லிட்டர் கலவை. மூலை வீட்டில் 100 சதுர மீட்டர் இருந்தால் 10 லிட்டர். ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால் அதில் பெயிண்ட் ஒரு லிட்டர்தான். பள்ளித் திடல் முழுவதும் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 100-க்கு 64 மீட்டர் திடல் என்றால் 6,400 சதுர மீட்டர், 640 லிட்டர் கலவை, 16 லிட்டர் பம்பில் 40 தடவை நிரப்ப வேண்டும். மேடைக்கு முன்புறம், படம் எடுக்கிற இடம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நடை வேகத்தை முதலில் வெறும் தண்ணீரில் பழகுங்கள். நாசில் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் விடுகிறதா என்று வாளியில் பிடித்து அளக்கவும். அப்படியானால் அரை மீட்டர் பட்டையில் நிமிஷத்துக்கு 40 மீட்டர் நடந்தால் சதுர மீட்டருக்கு 50 மில்லி விழும். முதல் தடவை நெடுக்கில், இரண்டாம் தடவை குறுக்கில், மொத்தம் 100. ஒரே தடவையில் முழு அளவையும் ஊற்ற நினைத்தால் கோடு கோடாகத்தான் வரும்.

அடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு புல்லை வெட்டி, வெட்டிய சருகையும் உதிர்ந்த இலையையும் சீவி அள்ளிவிடுங்கள். சருகின் மேல் அடித்த பெயிண்ட் சருகோடு பறந்துவிடும். மாட்டுப்புல்லை 4 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்ட வேண்டாம், மண் தெரியும். வெட்டிய அன்றே லேசாகத் தண்ணீர் காட்டலாம், ஆனால் அடிக்கும்போது இலை உலர்ந்திருக்க வேண்டும். காலைப் பனி காய ஒன்பது மணியாகும். ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிட்டால், காற்று கிளம்புவதற்கு முன் வேலை ஆகிவிடும். உச்சி வெயிலில் அடித்தால் துளி இலையில் பரவும் முன்பே காய்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும்.

டேங்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றிய பெயிண்ட், அதன்பின் மீதித் தண்ணீர். எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ வேண்டாம், மண்துகள் நாசிலை அடைத்துவிடும். நிறமி அடியில் தங்கும் சரக்கு, அதனால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை பம்பைக் குலுக்க வேண்டும். பாதித் தரை வெளிறியும் கடைசி மூலை மட்டும் கரும்பச்சையாகவும் இருந்தால் குலுக்காமல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கையுறை, முகமூடி, பழைய சட்டை. கால்வாய் ஓரம், சிமெண்டுத் தரை, கேட், கோலம் போடும் இடம் எல்லாவற்றையும் அட்டையால் மறைத்துக்கொண்டு அடியுங்கள். தெறித்துவிட்டால் உடனே ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு சிமெண்டிலிருந்து எடுப்பது பெரும் பாடு.

காய இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். வெள்ளைத் துணியைத் தரையில் அழுத்திப் பாருங்கள், பச்சை ஒட்டினால் யாரையும் அதன் மேல் நடக்க விடாதீர்கள். விருந்தினர் வேட்டி சேலையோடு வருவார்கள், கோயில் என்றால் வெறுங்காலோடு வருவார்கள். அதனால் விசேஷத்துக்கு முதல் நாள் அடிக்காமல், மூன்று நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. கம்பத்து (கிராமத்து) பக்கம் மாடு ஆடு அவிழ்த்துவிடுகிறவர்கள் இருந்தால், அவை மேயாதபடி கயிறு கட்டிவையுங்கள்.

நிறம் நீலம் தட்டினால் இரண்டு காரணம். ஒன்று, கெட்டியாக அடித்திருப்பீர்கள். மற்றது, வெயிலில் மஞ்சள் நிறமி முதலில் வெளுத்து, நீலச் சாயல் மட்டும் மிஞ்சியிருக்கும். இரண்டாவது வகைக்குப் பாதி வலுவில் கலந்து மேலே ஒருமுறை லேசாக ஓட்டினால் போதும். முதல் வகைக்கு மருந்து இல்லை, வெட்டு விழும்வரை பொறுக்க வேண்டியதுதான். அதனால் புதிதாக அடிக்கிறவர்கள் நெடுக்கும் குறுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 75 மில்லியிலேயே நிறுத்தி, காய்ந்ததும் பார்த்துக் கூட்டுவது நல்லது.

பச்சையாகத் தெரிகிறதே என்று தண்ணீரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கரும்பச்சைத் தரை வைக்கோல் நிறத் தரையைவிட வெயிலைக் கூடுதலாக வாங்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் சாயங்காலம் ஊற்றினால் அடித்தண்டு சாகாது. தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும் நாள்களில் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும். உறங்கும் புல்லுக்கு யூரியா போடாதீர்கள், கருக்கிவிடும். ஏப்ரலில் மழை பிடித்துப் புதுத் துளிர் ஒரு விரல் உயரம் வந்த பிறகு முதல் வெட்டை உயரமாக வெட்டி, அதற்கப்புறம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 15-15-15 உரம் சதுர மீட்டருக்கு 25 கிராம் தூவி, உடனே தண்ணீர் விடலாம்.