மாடிப் போர்ஷனுக்குக் குடித்தனம் தேடியபோது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் போர்ஷனிலிருந்து வரும் வாடகைதான், ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக எனக்குள்ள வருமானம். முன்பு அங்கே குடியிருந்தவர் ஏழு மாத வாடகையையும் இரண்டு முறை மின்கட்டணத்தையும் பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்தார். வாங்கியிருந்த அட்வான்ஸ் மூன்று மாதத்துக்குத்தான் ஈடாயிற்று. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும்படி அப்போது தெருவில் பலர் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்வதை, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கைக்குழந்தை இருந்த வீட்டில் எனக்கு அது மனம் வந்திருக்காது. தவறு தொடக்கத்திலேயே நடந்திருந்தது. "நல்ல குடும்பம்" என்று புரோக்கர் சொன்னதைத் தவிர நான் எதையும் விசாரிக்கவில்லை.

ஆகவே இம்முறை கேள்விகளை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வந்த எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்டேன். எத்தனை பேர் குடியிருப்பீர்கள், வேலை எங்கே, இப்போதைய வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள், அதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்பவை அவற்றுள் முக்கியமானவை. குடியிருக்கும் வீட்டின் கடைசி மூன்று மின்கட்டண ரசீதுகளையும் காட்டச் சொன்னேன். கணக்கெடுத்த இருபது நாட்களுக்குள் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சம்பளச் சீட்டு ஒருவருக்கு வரும் பணத்தைக் காட்டுகிறது, இந்த ரசீதோ அவர் பணத்தை எப்படிக் கட்டுகிறார் என்பதைக் காட்டுகிறது. ஆதார் நகலை எல்லோரிடமும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. வீடு கொடுக்கப்போகாதவரின் ஆவணம் என்னிடம் எதற்கு?

ஒருவர் பத்து மாத அட்வான்ஸை ரொக்கமாக அன்றைக்கே தருவதாகச் சொன்னார். பழைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினார். அவரை அத்துடன் அனுப்பிவிட்டேன்.

இன்னொருவர் சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "அம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் முஸ்லிம்கள். வந்து பார்த்த பிறகு இல்லை என்றால் என் மனைவிக்குக் கஷ்டமாக இருக்கும்" என்றார். வாடகைக்கு வீடு கேட்டு வருகிற ஒருவர் முதலில் இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிற ஊரில்தான் நானும் ஒரு வீட்டுக்காரியாக இருக்கிறேன் என்பது என்னை மிகவும் வருத்தியது. என் நோட்டில் அந்தக் கேள்வியே இல்லை என்று சொல்லி, இருவரையும் மாலையில் வரச் சொன்னேன்.

அவர் காட்டிய ரசீதுகள் மூன்றும் கெடுவுக்குள் கட்டியவை. இருந்தாலும் விசாரணையை நான் விடவில்லை. இப்போதைய வீட்டுக்காரர், ஆளை அனுப்பினால் போதும் என்று நினைத்துப் புகழவும் கூடும் என்பதால், அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைத் தேடி வண்டிப்பாளையத்துக்கு நேரில் போனேன். அந்த அம்மா, ஒரு மாதம் வாடகை பத்து நாள் தாமதமானதையும், அதை அவர் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதையும் நினைவுகூர்ந்தார். ஒரு குறையும் இல்லை என்று கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

என் வீட்டின் குறைகளையும் நான் மறைக்கவில்லை. போர் தண்ணீர் சற்று உப்பு என்பதையும், பெருமழையில் வாசலில் தண்ணீர் நிற்கும் என்பதையும் சொன்னேன். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது வண்டியின் இன்ஜினைக் கேட்டுக்கு வெளியிலேயே அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் உருட்டி வருவதாக அவராகவே சொன்னார்.

வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 27,000 ரூபாய் என்று முடிவாயிற்று. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸுக்கு வாடகைச் சட்டத்தின் வரம்பு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, இருவரின் ஆதார், பான் விவரங்களையும் சேர்த்து வாடகை அதிகார அமைப்பில் இணையவழியாகப் பதிவு செய்தோம். சாவியைக் கொடுத்த அன்று மீட்டரில் இருந்த எண்ணையும், சமையலறைச் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசலையும் ஒரு தாளில் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.