கயிறு எங்கே என்று அவர் கேட்டது

"கயிறு எங்கப்பா?" என்று அவர் கேட்டார். கயிறு அவர் தோளில் கிடந்தது. இதை வைத்து வெயிலுக்காக ஒரு வேலையை நிறுத்தலாமா, கூடாதா? மே மாதத்திலிருந்து இதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நங்கநல்லூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கிருந்து பெரும்பாக்கம் போகணும். கத்திரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆடி வந்துவிட்டால் வீடு மாற மாட்டார்கள், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஆக ஊர் மொத்தமும் மே மாதத்தில்தான் பெட்டி கட்டும். எங்களுக்கு நாலு காசு பார்க்கிற மாதமும் அதுதான், மண்டை காய்கிற மாதமும் அதுதான்.

நான் சூப்பர்வைசராகப் போகும் வண்டியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன், கனமான சாமான் எல்லாம் காலையிலேயே இறங்கிவிட வேண்டும். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் முதலில், பாத்திரம் பண்டம் அப்புறம். அன்றைக்கு அசோசியேஷன்காரர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் கேட்டையே திறக்கவில்லை. மேலே போனால் பீரோவில் பட்டுப்புடவை அப்படியே இருக்கிறது. அதைக் காலி செய்து முடிக்கவும் பத்தரை ஆகவும் சரியாக இருந்தது. "ராகு காலத்துல பீரோ படி இறங்கக் கூடாதுப்பா, பன்னெண்டுக்கு மேல எடுங்க, மத்ததையெல்லாம் எடுத்துக்கோங்க" என்றார் வீட்டில் இருந்த பெரியம்மா. சரி என்றேன். அவர்கள் பீரோ, அவர்கள் நம்பிக்கை. அதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. ஆனால் இருப்பதிலேயே கனமான சாமான் இருப்பதிலேயே மோசமான நேரத்துக்குத் தள்ளிப்போனது அப்படித்தான்.

பன்னிரண்டே காலுக்கு பீரோவைத் தூக்கினார்கள். கீழ்ப்பக்கம் தாங்கியவர்தான் நான் சொல்கிற அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், இந்தத் தொழிலில் எனக்கு ரொம்ப முன்னாலிருந்து இருப்பவர். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உங்க தோள்லதாண்ணே இருக்கு" என்றேன். தோளைப் பார்த்தார். "ஆமால்ல" என்றார். சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காமல் இருந்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வெயிலில் மயங்கி விழுவதைத்தான் எல்லோரும் ஆபத்து என்று நினைக்கிறோம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது பல நேரம் பேச்சும் யோசனையும்தான். கேட்டதையே கேட்பது, கையில் இருப்பதைத் தேடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. கூட இருந்த பையன்கள் "நல்லா வேர்க்குதேண்ணே, ஒண்ணும் இல்ல" என்றார்கள். வேர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் சரி. உழைக்கும்போது வருவது வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும். பீரோவைத் திருப்பத்திலேயே ஓரமாக விட்டோம். அவரைக் கீழே கூட்டி வந்து, மோட்டார் ரூம் பக்கத்து நிழலில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, தலையிலும் கழுத்திலும் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். வாட்ச்மேனின் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். போனில் 108 போட்டுத் தயாராக வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை அவர் ரொம்பத் தெளிவாகத் திட்ட ஆரம்பித்ததால் கூப்பிடவில்லை. அது ஒன்றும் மருத்துவம் இல்லை என்று தெரியும்.

"பீரோ படியில நிக்குது தம்பி, அதப் பாரு" என்றார். நான் நாலு மணி வரைக்கும் யாரும் எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மட்டும் இல்லை, நாலு பேருக்கும். அவரை அன்றைக்கு முழுக்க எதையும் தொடவிடவில்லை.

சாயங்காலம் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு இன்னொரு லோடு இருந்தது. அது வேறு வண்டிக்குப் போனது. லோடுக்கு ஆளுக்கு 900 ரூபாய், நாலு பேருக்கும் போச்சு. வாடிக்கையாளர் தாமதத்துக்குக் காசு குறைக்கச் சொன்னார், ஆபீஸும் குறைத்தது. ராகு காலத்துக்காகத் தள்ளிப்போன ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை எமகண்டம் மூன்றிலிருந்து நாலரை. "அம்மா, எமகண்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைசி ஒரு மணி நேரமாவது சண்டையில்லாமல் ஓடியிருக்கும் என்று அப்புறம்தான் தோன்றியது.

பெரும்பாக்கத்தில் சாமான் இறக்கும்போது அந்த அண்ணன் பக்கத்தில் வந்தார். "நான் இன்னொரு கயித்தக் கேட்டேன். மேல போறப்ப ரெண்டு கயிறு எடுத்துட்டுப் போனோம்ல?"

எடுத்துக்கொண்டு போனது உண்மைதான். நாலு மணிக்குக் கடைசியாக வீட்டைச் சுற்றிப் பார்க்க மேலே போனபோது காலி ஹாலில் ஜன்னல் ஓரமாக அந்த இரண்டாவது கயிறு கிடந்தது, நானேதான் எடுத்து வந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் "ஆமால்ல" என்றார்? இதை வைத்துக்கொண்டு எவ்வளவோ யோசித்துவிட்டேன். இன்னொரு கயிறு என்றால் இன்னொன்று என்று சொல்லியிருக்க மாட்டாரா? ஆனால் மூச்சு வாங்கும்போது யார் முழு வாக்கியம் பேசுகிறார்கள். தவிர, சூப்பர்வைசர் ஒன்றைச் சொன்னால் எங்கள் வேலையில் "ஆமால்ல" என்றுதான் சொல்வார்கள், அதற்கு ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. ஆபீஸில் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், விட்டுவிட்டால் அந்தப் பழக்கமும் போக ஆரம்பித்துவிடும். "வருசக்கணக்கா வெயில்ல நிக்கிறேன்" என்பது அந்த வாரத்துக்குச் செல்லாது. சென்னை வெயிலும் வேலூர் வெயில் மாதிரி இல்லை. கடற்காற்று உள்ளே வரத் தாமதமானால் கொளுத்தும், வந்தால் புழுங்கும், வேர்வை காயவே காயாது, காயாத வேர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சியும் இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அப்ப 900 ரூவா?" என்று கேட்டார்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சாகாமல் மூன்று மணி நேரம் நிழலில் உட்கார்ந்தவனுக்கு யார் தருவது என்று எங்கேயும் இல்லை. வெயிலுக்காக நிறுத்தினால் அந்த நேரத்துக்குப் பாதிக் கூலியாவது கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சேர்த்தால் விலை ஏறும், பார்ட்டி அடுத்த கம்பெனிக்குப் போய்விடும் என்றார்கள். அதிலும் பொய் இல்லை.

இப்போது "நல்லா இருக்கீங்களா" என்று யாரையும் கேட்பதில்லை. எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக இன்றைக்கு என்ன கிழமை, அடுத்த வீடு எந்த ஏரியா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கிறேன். "கிழம எனக்கு நல்ல நாள்லயே தெரியாதுண்ணே" என்று ஒரு பையன் சிரித்தான். சோதனை அந்த லட்சணத்தில் இருக்கிறது.

அந்த அண்ணன் இப்போது என் வண்டிக்கு வருவதில்லை. போன் செய்தபோது மரியாதையாகத்தான் பேசினார். "வேற வண்டியில போடச் சொல்லுங்க தம்பி, உங்க வண்டியில ரெண்டு லோடு ஓடாது" என்றார். நிறுத்தாத சூப்பர்வைசர் வண்டியில் போகிறார். நான் நிறுத்தியதால் அவர் இன்னும் அதிகமாக வெயிலில் நிற்கிறாரோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அதே படியில் அதே கேள்வி மறுபடி வந்தாலும் நிறுத்துவேன் என்று வீட்டில் அடித்துச் சொல்கிறேன். சொல்ல எனக்கு வசதிதான். எனக்கு மாதச் சம்பளம், அந்த மாதமும் முழுசாக வந்தது.