வாப்பாவின் ஸ்பிட்ஃபயருக்கு பிரேக் பேட்

ஜனவரி 6, 2025, கீழக்கரை

வாப்பாவின் பழைய ஸ்பிட்ஃபயர் காரில் முன் சக்கரம் இரண்டையும் கழற்றியாயிற்று. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்துவது பேட். இடது பக்கத்தில் உள் பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டது. மாற்றச் சொல்லி ஒர்க்‌ஷாப் கையேடு போட்டிருக்கும் அளவும் அதுதான். வெளி பேடில் இன்னும் பாதி இருக்கிறது. பேடை அழுத்தும் கவ்வி கேலிப்பர். கர்லிங் கம்பெனியின் இந்தக் கேலிப்பரில் டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒரு பிஸ்டன், அந்தப் பக்கம் ஒரு பிஸ்டன். ஒன்று இறுகிப்போனால் மற்றதுதான் வேலை முழுவதையும் செய்யும். வெளிப் பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்த இடத்தில், குரோம் பூச்சு மீது மிளகுத் தூள் தூவியது போலத் துரு. கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு இது தப்பாது. பேடோடு பிஸ்டனும், பிரேக் ஆயில் கசியாமல் அடைக்கும் சீலும் மாற்றியே ஆக வேண்டும்.

வண்டி 1969 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் வாப்பா வாங்கியது. நான் ஓட்டக் கற்றதும் இதில்தான். இதை ஷெட்டில் காட்சிப் பொருளாக நிறுத்தி வைக்க எனக்கு மனசில்லை. ஓட வேண்டும், ஓடினால் நிற்கவும் வேண்டும்.

ஜனவரி 8

ராமநாதபுரத்தில் ஒரு பட்டறை. பழைய பேடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாருதி 800 பேடை கிரைண்டர்ல தேய்ச்சு உட்கார வச்சிடலாம் தம்பி, ஒரு மணி நேர வேலை” என்றார் அண்ணன். நல்ல கைக்காரர், எனக்கு உதவ வேண்டும் என்றுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிரேக் மிதிக்கும்போது சுழலும் டிஸ்க் பேடையும் கூடவே இழுத்துப் போகப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்குவது பேடின் இரும்புத் தகடு. தகட்டின் ஓரம் கேலிப்பரின் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். தேய்த்த தகடு அரை மில்லிமீட்டர் கூடினால் சிக்கிக்கொள்ளும், குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அடிக்கும். பிஸ்டன் நடுவில் அழுத்தாவிட்டால் பேட் சாய்வாகத் தேயும். பாம்பன் பாலத்து இறக்கத்தில் எதிரே பஸ் வரும்போது அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

ஜனவரி 12, சென்னை

புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தேன். “ஸ்பிட்ஃபயர்” என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். “ஹெரால்ட்” என்றதும் பெரியவர்கள் முகம் மலர்கிறது. அதுவும் ட்ரையம்ஃப் கார்தான். ஹெரால்டின் அடிச்சட்டமான சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஆனால் இங்கே ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் முன்னாலும் டிரம் பிரேக்தான், அதில் டிஸ்க்குக்குப் பதில் டிரம், பேடுக்குப் பதில் ஷூ. எஞ்சின் சாமான் கிடைக்கலாம், பேட் கிடைக்காது. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்து லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருப்பது இதே ஊரில், பாடியில். கர்லிங் லூகாஸின் பிரேக் பிராண்டுதான், அந்தப் பெயர் சென்னைக்குப் புதிதில்லை. இருந்தும் எனக்கு வேண்டிய பேட் எந்தக் கடை அலமாரியிலும் இல்லை.

ஜனவரி 13

மதுரையில் இறங்கி, தேய்ந்த பிரேக்குக்குப் புது உரசுபொருள் (லைனிங்) ஒட்டும் கடையில் கேட்டேன். டிரம் ஷூ என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். டிஸ்க் பேட் கதை வேறு. தகட்டில் உள்ள ஓட்டைகளுக்குள் உரசுபொருள் ஏறிப் பிடிக்கும்படி சூட்டிலும் அழுத்தத்திலும் வார்த்தெடுப்பது அது. டிஸ்க்கில் ஏறும் சூட்டுக்கு வெறும் பசையை நம்ப முடியாது. கடைக்காரரே “பேடுக்கு வேணாம் பாய், ஷூவா இருந்தா கொண்டாங்க” என்றார். பெரிய மனசு.

ஜனவரி 19

லண்டனில் இருக்கும் மச்சானிடம் பேசினேன். அங்கே ஒரு ஜோடி சக்கரத்துக்கான பேட் 20 பவுண்டுக்குள் கிடைக்கிறது. கூரியரும் சுங்கமும் சேர்ந்தால்தான் விலை எங்கோ போய்விடுகிறது. ஊருக்கு வருகிற ஒருவர் பெட்டியில் போட்டுத் தர ஒப்புக்கொண்டார். கீழக்கரைக்காரனுக்கு இந்த வழி எப்போதும் உண்டு, அல்ஹம்துலில்லாஹ்.

மச்சானுக்கு அனுப்பிய குறிப்பை இங்கேயும் போடுகிறேன், யாருக்காவது உதவும். வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதே. கேலிப்பர் 14 வகை என்று சொல். ட்ரையம்ஃபின் ஜி.டி.6, விட்டெஸ் வண்டிகளில் இருப்பது 16, அதன் பேட் பெரிது. பழைய பேடைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, தகட்டுக் கனம் உட்பட வெர்னியரில் எடுத்த அளவையும் அனுப்பியிருக்கிறேன். பேட் ஓரத்தில் அச்சடித்த எழுத்தையும் பார். அங்கே அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்தில் முதலாவது ஆறிய நிலையில் உரசும் பிடி, அடுத்தது சூட்டில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. எனக்கு இரண்டும் எஃப் வேண்டும். பந்தய பேட் வேண்டாம், அது சூடேறின பிறகுதான் பிடிக்கும். பிரிக்காத பழைய பெட்டி என்று யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கூடவே சீல் கிட்டும் ஸ்டெயின்லெஸ் பிஸ்டனும். உப்புக்காற்றில் குரோம் எத்தனை முறை மாற்றுவது?

பிப்ரவரி 2

பெட்டி வந்தது. வரைந்த காகிதத்தின் மேல் புது பேடை வைத்தேன். கோடு தெரியவில்லை, அப்படியே மூடியது. பழைய தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். பிஸ்டன், சீல் மாற்றி, பேடைச் செருகினால் விரலாலேயே முன்னும் பின்னும் நகர்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். பேடைப் பிடித்து நிறுத்தும் ஊசி (pin) இரண்டும் புதிது. பிரேக் ஆயில் டாட் 4. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மூடி திறந்து வைத்த டப்பாவில் மிஞ்சியதைக் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 4

சுபுஹு தொழுதுவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடிப் பக்கம் போனோம். புது பேட் டிஸ்க்கில் படிய வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மெதுவாகக் குறைப்பது, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது, இடையில் ஆற விடுவது. முதலில் பெடல் மரக்கட்டையாக இருந்தது. போகப் போகப் பிடி கூடிக்கொண்டே வந்தது. கடைசியாக ஸ்டியரிங்கில் கையைத் தளர்த்திப் பிடித்து மிதித்தேன். எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பக்கத்தில் இருந்த வாப்பா, “இன்னொரு தரம் மிதி” என்றார்.

அடுத்து பின் டிரம். ஷூ மதுரைக்குப் போகிறது.