கென்யாவில் அதிபர் ஆவது லேசு இல்லை

கென்யாவில் அதிபராக நம்ம ஊர் மாதிரி எதிராளியைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினால் போதாது. 2010 அரசியலமைப்புப்படி, பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். அப்புறம் மொத்தமுள்ள 47 மாவட்டங்களில் குறைந்தது 24-லாவது 25 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டு பேருக்குள் மறுபடியும் போட்டி. சொந்த இனத்தார் ஓட்டை மட்டும் நம்பி யாரும் நாற்காலியில் உட்கார முடியாது. 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்த கலவரம் சும்மா போகவில்லை.

2017-ல் உகுரு கென்யாட்டா ஜெயித்ததை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியையே! ஆனால் மறுதேர்தலை எதிர் வேட்பாளர் ரைலா ஒடிங்கா புறக்கணிக்க, கென்யாட்டாவே திரும்ப வந்தார். அது வேறு கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2022 தேர்தல். வில்லியம் ரூட்டோவும் ஒடிங்காவும் மோதினார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவுத்தாளையும் (படிவம் 34ஏ) தேர்தல் ஆணையம் அப்படியே படமெடுத்து இணையத்தில் போட்டது. 46,000-க்கும் மேல். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம், பத்திரிகைகள் கூட்டியும் பார்த்தன. ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஒடிங்காவுக்கு 48.85. இத்தனைக்கும் அறிவிக்கிற நேரத்தில் ஆணையர்கள் ஏழு பேரில் நான்கு பேர் "இந்த முடிவுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று தனியே போய்விட்டார்கள். முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இந்த வழக்கை 14 நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பது சட்டம். முடித்தும் விட்டார்கள், ரூட்டோ வெற்றி செல்லும் என்று. நம்மிடம் ஒரு தேர்தல் வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில்.