முட்டிடிச்சான் பாறையிலிருந்து காற்றாடிமலை வரை

மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, நேர்ந்துகொண்டது 2022 மே 15-ஆம் தேதி. குமரி மண்ணில் பிறந்த தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் புனிதராக அறிவித்த நாள் அது. டிவி முன்னால் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்த மாமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மக்களே, பையனுக்கு ஒரு வழி பிறக்கட்டும். முட்டிடிச்சான் பாறையில இருந்து காற்றாடிமலைக்கு எல்லாருமா நடந்தே போவோம்" என்றார். முதலாவது புலியூர்க்குறிச்சியில் அவர் தண்ணீர் வரவைத்த பாறை, இரண்டாவது ஆரல்வாய்மொழியில் அவர் உயிர்விட்ட மலை. நான் பதில் பேசவில்லை. எந்த நேர்ச்சையிலும் எனக்கு மனசு ஒட்டாத காலம் அது.

எங்களுடைய கெட்ட காலம் 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலோடு ஆரம்பித்தது. பாட்டத்துக்கு எடுத்த நிலத்தில் ஆயிரத்துக்கும் மேலே ஏத்தன் வாழை, குலை தள்ளி நின்றது. விடிந்து போய்ப் பார்த்தால் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கடற்கரை ஊர்களில் ஆட்களையே பறிகொடுத்திருக்கிறார்கள், நமக்குப் போனது மரம்தானே என்று சொல்லித் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். வளையல் முதல் தாலிக்கொடி வரை அடகில் இருந்தபோது அந்தத் தேறுதல் ரொம்ப நாள் நிற்கவில்லை. அதற்கப்புறம், டிப்ளமோ முடித்த மகனை வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் ஒன்றரை லட்சம் வாங்கினார். விசா என்று வந்த தாள் போலி. இரண்டு வருஷம் பையன் வாசல் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

நான் செபமாலை சொல்வதை நிறுத்தியது அப்போதுதான். ஞாயிறு பூசைக்குப் போவேன். எல்லாரும் முழங்கால் போடும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்னது வேறு என்னைக் குத்திக் கிழித்தது. "எல்லாம் கடவுள் சித்தம்" என்றார் ஒருவர். "குடும்பத்துல ஏதாவது குறை இருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார் இன்னொருவர். அந்த அக்கா போனபிறகு நான் அடுக்களையில் நின்று அழுதது மாமிக்கு மட்டும்தான் தெரியும்.

மாமி 2023-இல் ஆண்டவரிடம் போய்விட்டார். நேர்ச்சை மட்டும் மிச்சம் இருந்தது. செத்தவர்களுடைய நேர்ச்சையைக் கடனாக வைத்திருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். 2025 ஜனவரி 14, பொங்கல் நாள். அன்றுதான் தேவசகாயம் உயிர்விட்ட நாளும். அன்றைக்கே நடப்பது என்று முடிவு செய்தோம்.

முந்தின நாளே புலியூர்க்குறிச்சிக்குப் போய்விட்டோம். உறவுக்காரர் வீட்டில் பையை வைத்துவிட்டு உதயகிரிக் கோட்டைக்குள் நடந்தோம். உள்ளே மரங்களுக்கு நடுவில் கூரை இல்லாத பழைய கிறிஸ்தவக் கோயில். அதில் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத் தளபதி அவர். பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். தேவசகாயம் அப்போது நீலகண்டன், அரண்மனை அதிகாரி. மாடுகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்து வந்தவரை டிலனாய் உட்காரவைத்து பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நாங்கள் நவநாள் பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு அந்தக் கல்லைத் தொட்டபோதுதான் அது என்னைத் தொட்டது. மாடும் பயிரும் போனவர். எங்களுக்குப் போனதும் பயிர்தானே!

டிலனாய் அவரிடம் "ஏதாவது குறை இருக்கும்" என்று சொல்லவில்லை. எல்லாம் இழந்த இன்னொரு மனிதனைப் பற்றிச் சொன்னார். அந்த யோபுவும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை. தன் பிறந்த நாளைச் சபித்தார், ஏன் ஏன் என்று கடவுளையே கேட்டார். தப்பு உன்மேல்தான் என்று வாதாடிய நண்பர்களைக் கடைசியில் ஆண்டவர் கடிந்துகொண்டார். யோபு பேசியதுதான் சரி என்றார். அப்படியானால் நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் போட்ட சண்டையையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தாரா? கல்லறை மேல் உதிர்ந்திருந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். காவலாளி வந்து நேரமாச்சு என்ற பிறகுதான் வெளியே வந்தோம்.

விடியுமுன் பாறைக்குப் போனோம். கைதியாக இருந்தபோது தாகத்தில் தவித்த தேவசகாயம் கைமுட்டால் இடித்துத் தண்ணீர் வரவைத்த இடம். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து, சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து மகன் பைக்குள் வைத்துக்கொண்டான். "ஆச்சிக்கு" என்றான். வேறொன்றும் பேசவில்லை. எங்கள் காணிக்கை ஒரு சீப்பு ஏத்தன். பாட்ட நிலத்தை விட்ட பிறகு வீட்டுக்காரர் புழக்கடையில் மூன்றே மூன்று கன்று வைத்தார். அதில் முதலில் வெட்டிய குலையின் முதல் சீப்பு அது. அதைத் துண்டில் சுற்றி அவரே தோளில் போட்டுக்கொண்டார். யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை.

வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை வரை காற்று குளிர்ச்சியாக இருந்தது. பார்வதிபுரம் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எனக்கு இடது குதிகாலில் கொப்புளம். செருப்பைக் கழற்றினால் ரோடு சுடுகிறது, போட்டால் கொப்புளம் உரசுகிறது. "ஆட்டோல ஏறுங்கம்மா, அங்க இறங்கி நடந்த மாதிரி போய்க்கலாம்" என்று ஒருவர் பின்னாலேயே வந்து விடாமல் கூப்பிட்டார். நேர்ச்சைக்குப் போகிறவர்களிடம் இப்படிப் பேசலாமா? கிறிஸ்தவர் ஆன பிறகு தேவசகாயத்தைச் சிறைப்பிடித்து, எருமைமேல் பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக நடத்தினார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். மூன்று வருஷம் அந்தப் பாடு. எனக்கு ஒரு கொப்புளம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பீடத்துக்கு முன்னால் அவரை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. இங்கேதான் எனக்குள் ஏதாவது திறக்கும் என்று நம்பி வந்தேன். கல்லறையைச் சுற்றிக் கூட்டம். முழங்கால் போட்டவுடன் பின்னால் இருந்து ஒரு கை தோளைத் தள்ளியது. பக்கத்தில் ஒரு குடும்பம் செல்போனைத் தூக்கிப் பிடித்து "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புனிதர் துயிலும் இடத்தில் ஒரு நிமிஷம் அமைதி காக்க முடியாதா என்று வந்தது எனக்கு. வாயில் ஒரு அருள்நிறை மரியேகூட வரவில்லை. எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இங்கேயும் ஏமாற்றம்தானா என்று மனசு வெறுத்துப்போனது.

வீட்டுக்காரர் மோர் வாங்கிக் கொடுத்து, "மலை இருக்கு இல்லா, வா" என்றார்.

தோவாளையில் பூச்சந்தை வாசனை ரோடு வரை வந்தது. அதைத் தாண்டினதும் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒக்கிக்குப் பிறகு எனக்குக் காற்றுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். ராத்திரி ஜன்னல் அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தக் காற்றுக்கு எதிரே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். பாதையை அடைத்துக் கடை போட்டிருந்தார்கள். இருபது ரூபாய் மெழுகுதிரிக்கு ஐம்பது கேட்டார் ஒருவர். கொடுத்துவிட்டு ஏறினோம்.

1752 ஜனவரி 14. படைவீரர்கள் சுடுவதற்கு முன்னால் செபிக்க நேரம் கேட்டு தேவசகாயம் முழங்காலில் நின்ற பாறை அது. கூட்டம் கொஞ்சம் விலகியபோது நானும் முழங்கால் போட்டேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! கல் சுட்டது. மகன் திரி ஏற்றினான், அணைந்தது. மறுபடி ஏற்றினான், அணைந்தது. நாலாவது தடவை வீட்டுக்காரர் குனிந்து இரண்டு கையையும் குவித்துச் சுடரைச் சுற்றிப் பிடித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. விரல் இடுக்கில் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. சுடர் நின்றது.

"ஏன் ஆண்டவரே எங்களுக்கு இப்படிச் செய்தீர்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஏழு வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது நெஞ்சில் படபடப்பு இல்லையே என்று தெரிந்தது. அவ்வளவு காற்றிலும் பயம் இல்லை. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது எல்லாம் நன்றிதான். நன்றி ஆண்டவரே, மகன் நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போகிறான், முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுத்தான். நன்றி, பாதி நகை திரும்பிவிட்டது. மீதி வராவிட்டாலும் நன்றி. மாமி வலி இல்லாமல், எங்கள் மடியில் போனாரே, நன்றி. புழக்கடையில் மூன்று வாழை. நன்றி. குடிக்காத புருஷன். நன்றி. அருளாளர் தேவசகாயமே என்று, புனிதராகும் முன்னால் சொன்ன பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டு, புனித தேவசகாயமே, புனித தேவசகாயமே என்று திருத்தித் திருத்திச் சொன்னேன். எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, வீட்டுக்காரர்தான் தூக்கிவிட்டார். ஏத்தன் சீப்பை அவர் எப்போது காணிக்கை வைத்தார் என்றுகூட நான் பார்க்கவில்லை.

இறங்கும்போது மகன் மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டினான். கணீர் என்றது. சின்ன வயசில் தட்டியதாக மாமி சொல்லிச் சொல்லிக் காட்டிய சத்தம், அப்படியே.

ஊருக்கு வந்து சேர ராத்திரி எட்டரை மணி. வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மகன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, பாறைத் தண்ணீரைச் சிலுவைக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். நான் முழங்கால் போட்டு, "நடந்துட்டோம் மாமி" என்றேன்.